வேலை உண்டு, ஆளும் உண்டு, பதவிதான் இல்லை

கேரளப் போலீசில் காலியிடங்கள் அதிகமில்லை என்கின்றன புள்ளிவிவரங்கள். பிறகு ஏன் ஆலுவா போன்ற ஊர்களின் ஸ்டேஷன்களில் எட்டு மணி நேர வேலை இன்னும் எட்டாக்கனியாக இருக்கிறது?

ஆலுவா போலீசுக்குப் பஞ்சாங்கமும் ஒரு முக்கிய ஆவணம். மாசி மாதம் சிவராத்திரி வந்தால், பெரியாற்றங்கரை மணப்புரத்தில் முன்னோருக்குப் பலி கொடுக்க லட்சக்கணக்கானவர்கள் திரள்வார்கள். ஆடி அமாவாசை வந்தால் (மலையாளிகளுக்கு அது கர்க்கடக வாவு) அதே மணலில் மறுபடி கூட்டம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை சீசன். மாநிலத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் போலீசார் தவணை முறையில் பம்பைக்கும் சன்னிதானத்துக்கும் போய்வர வேண்டும். பஞ்சாங்கத்தில் விசேஷம் இல்லாத நாட்களுக்கு இருக்கவே இருக்கிறது நெடும்பாசேரி விமான நிலையம். அங்கே வந்து இறங்கும் பிரமுகர்களின் கார்களுக்கு முன்னும் பின்னும் ஜீப்புகள் ஓட வேண்டும்.

இவை எதற்கும் தனியாக ஆள் கிடையாது. திருட்டுப் புகாரை விசாரிக்க வேண்டியவரும், கோர்ட்டுக்குச் சாட்சியை அழைத்துப் போக வேண்டியவரும், இரவு ரோந்து போக வேண்டியவரும்தான் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தப் போகிறார்கள். அவர்கள் திரும்பும்வரை ஸ்டேஷனில் வேலை காத்திருக்கும்.

எர்ணாகுளம் மாவட்டத்தில் போலீஸ் இரண்டு பிரிவு. மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி முதலான பகுதிகள் கொச்சி நகரப் போலீஸ் கமிஷனரின் கீழ் வருகின்றன. மீதியெல்லாம் எர்ணாகுளம் ஊரகப் போலீஸ். அதன் எஸ்.பி. அலுவலகம் ஆலுவாவில். 'ஊரகம்' என்ற சொல்லைக் கேட்டு வயலையும் தென்னந்தோப்பையும் மட்டும் கற்பனை செய்துகொள்பவர்கள் ஏமாந்து போவார்கள். 1999ல் திறக்கப்பட்ட சர்வதேச விமான நிலையம், சேலத்திலிருந்து கொச்சி வரும் தேசிய நெடுஞ்சாலை, 2017ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலின் வடமுனை நிலையம், பெரும்பாவூரின் பிளைவுட் ஆலைகள் எல்லாம் இந்த ஊரகத்தில்தான் இருக்கின்றன. அந்த ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளம், அசாம், பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் இருப்பார்கள் என்று 2013லேயே திருவனந்தபுரத்தின் குலாட்டி நிதி நிறுவனம் மதிப்பிட்டது. இவர்களும் போலீஸ் பாதுகாப்புக்கு உரியவர்கள்தான். ஆனால் மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் போலீஸ் எண்ணிக்கையை அளக்கும்போது, இப்படி வந்து போகும் மக்கள் கணக்கில் சரியாக விழுவதில்லை.

100 நாள் தீர்ப்பு

ஆள் இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஆலுவா ஒரே வழக்கில் பார்த்தது. 2023 ஜூலை 28ந் தேதி, பீகாரிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரின் ஐந்து வயது மகள் காணாமல் போனாள். சந்தேகத்துக்குரிய ஆளை அன்றிரவே போலீஸ் பிடித்துவிட்டது. ஆனால் குடிபோதையிலிருந்த அவனிடமிருந்து உருப்படியான தகவல் எதுவும் வரவில்லை. மறுநாள் ஆலுவா மார்க்கெட்டின் பின்புறம் குப்பைகளுக்கிடையே சிறுமியின் உடல்தான் கிடைத்தது. அவன் 2018ல் டெல்லியில் இதே போன்ற ஒரு வழக்கில் கைதாகி ஜாமீனில் வந்தவன் என்பது பிறகு தெரியவந்தது. இப்படிப்பட்ட ஒருவன் ஊருக்குள் வந்து குடியேறியது ஸ்டேஷனுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு போலீஸ் காட்டிய வேகம் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தனிப்படை அமைக்கப்பட்டது. சுமார் ஐந்து வாரத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அக்டோபரில் தொடங்கிய சாட்சி விசாரணை நான்கு வாரத்தில் முடிந்தது. சம்பவம் நடந்த 100ஆவது நாளில், நவம்பர் 4ந் தேதி, போக்சோ கோர்ட் அவனைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. நவம்பர் 14ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, தூக்குத் தண்டனை விதித்தது.

ஒரு வழக்குக்குத் தேவையான ஆட்களைக் கொடுத்து வேறு வேலை தராமல் விட்டால் இந்தப் போலீசாலேயே இது முடியும். ஆனால் தனிப்படைக்கு வந்தவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏதாவது ஒரு ஸ்டேஷனிலிருந்துதான் எடுக்கப்பட்டிருப்பார்கள். அங்கே வேறு கோப்புகள் கட்டப்பட்டு அலமாரிக்குப் போயிருக்கும். பிந்தியதைவிட முக்கியமானது முந்தியது. தெருவில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள் என்று நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலைக்கு ஆள் வேண்டும். அந்த வேலைக்கென்றே 2008 மார்ச்சில் கேரளம் 'ஜனமைத்ரி' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு பீட் அதிகாரிக்குச் சுமார் 500 வீடுகள். ஒவ்வொரு வீட்டாரையும் அவர் அறிந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாடு முழுக்கப் பாராட்டப்பட்ட திட்டம்தான். ஆனால் பந்தோபஸ்துக்கு ஆள் தேவைப்படும்போது முதலில் பறிபோவது இப்படிப்பட்ட நடை வேலைதான். நடக்காமல் விட்ட ஒரு தெருவைப் பற்றி யாரும் புகார் எழுதித் தருவதில்லை.

காகிதத்தில் குறைவில்லை

இந்தியப் போலீசின் நோய் என்று வழக்கமாகச் சொல்லப்படுவது காலியிடம். மத்திய அரசின் போலீஸ் ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி 2020 ஜனவரி 1ந் தேதி நாட்டில் அனுமதிக்கப்பட்ட போலீஸ் பதவிகள் 26.23 லட்சம். நிரப்பப்படாமல் கிடந்தவை 5.31 லட்சம். அதாவது ஐந்தில் ஒரு நாற்காலி காலி. லட்சம் மக்களுக்கு 195 போலீசார் என்பது காகிதக் கணக்கு. உண்மையில் இருந்தவர்கள் 156 பேர்தான்.

கேரளத்தின் கதை வேறு. இங்கே மாநிலத் தேர்வாணையம் பரீட்சை நடத்துகிறது, பட்டியல் வெளியிடுகிறது, நியமனங்கள் நடக்கின்றன. காலியிட விகிதம் நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. நீதித்துறை, சிறை, போலீஸ் ஆகியவற்றை மாநிலவாரியாக அளந்து பார்க்கும் இந்திய நீதி அறிக்கையிலும் தென் மாநிலங்கள்தான் முன்வரிசையில் நிற்கின்றன. எனவே திருவனந்தபுரத்தில் அமர்ந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

அதே திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்தின் வாசலில், 2024ல் வேறொரு காட்சி. சிவில் போலீஸ் ஆபீசர் வேலைக்கான தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்ற இளைஞர்கள் அங்கே வாரக்கணக்கில் போராடினார்கள். (கான்ஸ்டபிளுக்குக் கேரளத்தில் இப்போது அதுதான் பெயர்.) பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 14 ஆயிரம் பேர். பட்டியலின் ஆயுள் ஏப்ரல் 13ந் தேதி முடிந்தபோது பெரும்பாலோருக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஏப்ரலில், அதே இடத்தில் பெண்கள். அவர்களுடைய பட்டியலும் காலாவதியானது. ஓடி, தாண்டி, பரீட்சை எழுதித் தேறியவர்கள் வெயிலில் முழந்தாளிட்டு வேலை கேட்டார்கள். 1973ல் கோழிக்கோட்டில் நாட்டின் முதல் மகளிர் போலீஸ் ஸ்டேஷனைத் திறந்த மாநிலம் இது. திறந்து வைத்தவர் இந்திரா காந்தி.

ஒரு பக்கம் ஆள் போதாத ஸ்டேஷன். இன்னொரு பக்கம் வேலை கேட்டு நிற்கும் தேறிய ஆள். இரண்டுக்கும் நடுவே நிற்பது 'அனுமதிக்கப்பட்ட பணியிடம்' என்ற எண். அந்த எண்ணிக்கை நிரம்பிவிட்டால் காலியிடம் இல்லை. காலியிடம் இல்லாவிட்டால் பற்றாக்குறையும் இல்லை என்றாகிவிடுகிறது. ஆனால் வேலை எவ்வளவு என்று பார்த்து அந்த எண் திருத்தப்படுகிறதா என்பதுதான் கேள்வி.

ஒரு நாற்காலிக்கு நாலு பேர்

கணக்கு எளிமையானது. 24 மணி நேரமும் ஆள் இருக்க வேண்டிய ஓர் இடத்துக்கு நாளைக்கு மூன்று ஷிப்டு, வாரத்துக்கு 21 ஷிப்டு. வார விடுமுறையுடன் ஒருவர் ஆறு ஷிப்டுதான் பார்க்க முடியும். ஆக, ஓர் இடத்துக்கே மூன்றரை ஆள் வேண்டும். ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்தால் நாலு பேர். ஸ்டேஷனில் எந்நேரமும் பாரா நிற்பவர், நாட்குறிப்பு எழுதுபவர், புகார் வாங்குபவர், வயர்லெஸ் கேட்பவர், லாக்கப்பைப் பார்ப்பவர், டிரைவர், ரோந்துக்கு இரண்டு பேர் என்று எட்டு இடங்களை மட்டும் வைத்துக்கொண்டாலும் 32 பேர் இதற்கே போய்விடுகிறார்கள்.

இன்னும் ஒரு வழக்குகூட விசாரிக்கப்படவில்லை. சம்மன் கொடுக்கவும், பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்கவும், கைதியை ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் அழைத்துப் போகவும், 2010ல் தொடங்கிய மாணவர் போலீஸ் படைக்குப் பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பு சொல்லித்தரவும் இனிமேல்தான் ஆள் தேட வேண்டும்.

வேலையும் பழைய அளவில் நிற்கவில்லை. 2012ன் போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தைக் கூடியவரை எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல், குழந்தை இருக்கும் இடத்துக்கே போய் வாங்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இன்னும் பல கடமைகளைச் சேர்த்திருக்கிறது. சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை தரத்தக்க குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும். புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணையின் நிலையைத் தெரிவிக்க வேண்டும். எல்லாமே நல்ல ஏற்பாடுகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய மணிக்கணக்கான நேரம். சட்டம் போட்ட டெல்லி, அந்த நேரத்துக்கான சம்பளத்தை மாநிலத்தின் தலையில் விட்டுவிட்டது. அரசியல் சாசனப்படி போலீஸ் மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஹைதராபாத்தின் இந்திய நிர்வாகப் பணியாளர் கல்லூரி, மத்தியக் கழகத்துக்காக 23 மாநிலங்களில் ஆய்வு நடத்தி 2014ல் அறிக்கை தந்தது. ஸ்டேஷன் போலீசாரில் சுமார் 90 சதவீதம் பேர் தினமும் எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். தங்கள் ஆட்கள் 11 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாக 68 சதவீத ஸ்டேஷன் தலைவர்களே சொன்னார்கள். எட்டு மணி நேர முறை வர வேண்டுமானால் ஸ்டேஷன்களின் பலம் அப்போதிருந்ததைப் போல 1.68 மடங்காக வேண்டும் என்றது அறிக்கை.

கேரளச் சட்டமன்றத்தில் 2024 ஜூலையில் இந்தப் பிரச்சினை வெடித்தது. அடுத்தடுத்துச் சில போலீசார் தற்கொலை செய்துகொண்டதை எதிர்க்கட்சி எழுப்பியது. எட்டு மணி நேர முறை 52 ஸ்டேஷன்களில் வந்திருப்பதாகவும், எல்லா இடத்துக்கும் உடனே கொண்டுபோக முடியாது என்றும் முதல்வர் பினராயி விஜயன் பதிலளித்தார். மாநிலத்தில் சட்டம் ஒழுங்கு ஸ்டேஷன்கள் 480க்கு மேல். 2019 ஜனவரிக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே 69 போலீசார் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்பது துறையே தொகுத்த கணக்கு. குடும்பப் பிரச்சினை, கடன், நோய் என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆனால் குடும்பத்துக்கும் நோய்க்கும் நேரம் ஒதுக்க முடியாத வேலை அந்தக் காரணங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்று யூகிக்க நிபுணர் தேவையில்லை.

குறுக்குவழியின் விலை

ஆள் போதாத இடத்தில் குறுக்குவழிகள் முளைக்கும். ஊரகப் போலீசில் எஸ்.பி.யின் நேரடிக் கட்டுப்பாட்டில் 'ரூரல் டைகர் போர்ஸ்' என்று ஒரு சிறு படை இருந்தது. ஸ்டேஷன் நடைமுறைகளுக்குக் காத்திராமல் போய் ஆளைப் பிடித்துவரும் படை. 2018 ஏப்ரல் 6ந் தேதி வராப்புழையில் ஓர் இளைஞரை இந்தப் படையினர் வீட்டிலிருந்து பிடித்துப் போனார்கள். மூன்றாம் நாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். படையினர் மூவர் கைதானார்கள், எஸ்.பி. மாற்றப்பட்டார், படை கலைக்கப்பட்டது. அடித்தவர்களுக்கு ஆள் பற்றாக்குறை சமாதானமாகாது. ஆனால் முறையான விசாரணைக்கு ஆளும் நேரமும் தராத துறை, 'எப்படியாவது முடி' என்ற கட்டளைக்கு இடம் வைத்துவிடுகிறது.

2023 மே 10ந் தேதி அதிகாலை கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரியில் 23 வயதுப் பெண் டாக்டர், போலீசார் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒருவனால் கத்தரிக்கோலால் குத்திக் கொல்லப்பட்டார். உடனே கூடிய கேரள ஹைகோர்ட் போலீசைக் கடுமையாகச் சாடியது. அதன் பிறகு கைதிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புதிய விதிமுறைகள் வந்தன. ஆஸ்பத்திரிகளுக்கும் பாதுகாப்பு கேட்கப்பட்டது. அதற்கும் ஆள் வேண்டும். ஸ்டேஷனின் பதவி எண்ணிக்கை மட்டும் அங்கேயே நிற்கிறது.

ஹெலிகாப்டரும் டீசலும்

பணம் இல்லை என்பது அரசின் வழக்கமான பதில். பொய் என்று தள்ளிவிட முடியாது. கடன் வாங்கும் வரம்பை டெல்லி குறுக்குகிறது என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கே போன அரசு கேரள அரசு. போலீஸ் பட்ஜெட்டில் பெரும்பகுதி சம்பளமும் படியும்தான். புதிதாக ஒருவரை எடுப்பதென்றால் முப்பது வருடச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுவதாக அர்த்தம்.

ஆனால் இருக்கும் பணம் போகும் வழியும் கவனிக்கத்தக்கது. 2020ல் கேரளப் போலீஸ் மாதம் 20 மணி நேரம் பறக்க 1.44 கோடி ரூபாய் வாடகைக்கு ஹெலிகாப்டர் எடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, கீழ்நிலை அதிகாரிகளின் குடியிருப்புக்கென ஒதுக்கிய 2.81 கோடி ரூபாய் உயரதிகாரிகளின் பங்களாக்களுக்குத் திருப்பப்பட்டதாகச் சொன்னது. 2022ல் ஜீப்புகளுக்கு டீசல் போட ஒதுக்கீடு தீர்ந்து, பங்க்குகளில் கடனுக்கு வாங்கிக்கொள்ளும்படி தலைமையகம் சொல்லும் நிலை வந்தது.

அதே 2022ல் கண்ணூர் மாவட்டம் பானூரில் ஒரு கல்யாண வீட்டார் ஆளுக்கு 1,400 ரூபாய் கட்டி நாலு போலீசாரை வாடகைக்கு எடுத்தார்கள். விதிகளில் இடமிருக்கிறது; பணம் கட்டினால் போலீசும் நாயும் வயர்லெஸ் கருவியும் கிடைக்கும். பிரமுகர் யாருமில்லாத கல்யாணத்துக்குக் காக்கி எதற்கு என்று போலீசார் சங்கமே எதிர்ப்புத் தெரிவித்தது.

மத்திய அரசும் தருகிறது. 2021-26 காலத்துக்கு மாநிலப் போலீஸ் படைகளை நவீனமாக்க 4,846 கோடி ரூபாய் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கலாம், கம்ப்யூட்டர் வாங்கலாம், ஆய்வுக்கூடம் அமைக்கலாம். இரவு ஷிப்டுக்கு ஒரு மனிதரை நியமிக்க முடியாது.

மற்றவர்கள் செய்தது

2016ல் மும்பையின் தேவனார் ஸ்டேஷனில் எட்டு மணி நேர முறை சோதிக்கப்பட்டது. திட்டத்தை வகுத்தவர் உயரதிகாரி அல்ல. ரவீந்திர பாட்டீல் என்ற கான்ஸ்டபிள். இருக்கும் ஆட்களை எப்படிப் பிரிப்பது என்று அவர் தாளில் போட்டுக் காட்டிய கணக்கை அன்றைய கமிஷனர் தத்தா பட்சால்கிகர் ஏற்று, மற்ற ஸ்டேஷன்களுக்கும் கொண்டு போனார். தமிழ்நாட்டில் 2021ல் போலீசாருக்கு வார விடுமுறை உத்தரவானது.

ஆள் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து பாடம். 2010க்குப் பிறகு சிக்கன நடவடிக்கையில் இங்கிலாந்தும் வேல்சும் சுமார் 20 ஆயிரம் போலீசாரை இழந்தன. 2019ல் அதே கட்சியின் பிரதமர் போரிஸ் ஜான்சன் 20 ஆயிரம் பேரைச் சேர்ப்பதாக வாக்களித்தார். 2023 மார்ச்சில் எண்ணிக்கை எட்டப்பட்டது. ஆனால் போன அனுபவம் அதோடு திரும்பி வரவில்லை. அங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டின் உள்ளூர் வரி ரசீதிலும் போலீசுக்கு எவ்வளவு என்று தனி வரி அச்சிடப்படுகிறது. கொடுப்பவருக்குக் கணக்குத் தெரிகிறது, கேட்கவும் முடிகிறது.

விசாரணைப் பிரிவையும் சட்டம் ஒழுங்குப் பிரிவையும் தனித்தனியாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22ந் தேதி உத்தரவிட்டது. ஸ்டேஷனில் தனி ஆட்கள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவினை பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். காலையில் விசாரணை அதிகாரியாக இருப்பவர் மாலையில் ஊர்வலத்துக்குக் காவல் நிற்பார்.

கேரளம் செய்யக்கூடிய முதல் வேலைக்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பட்டியலில் எத்தனை பேர், அவர்களில் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் போக எந்த நாளில் எத்தனை பேர் உண்மையில் இருந்தார்கள் என்ற கணக்கை வெளியிடுவதுதான் அது. வருகைப் பதிவேட்டில் ஏற்கனவே இருக்கும் தகவல்தான். அது வெளியே வந்தால் 'காலியிடம் குறைவு' என்ற ஒற்றை வரிப் பதில் செல்லாது. எந்த ஊருக்கு எத்தனை பதவி புதிதாக வேண்டும் என்பதும், அடுத்த தரவரிசைப் பட்டியல் காலாவதியாகும் முன் யாரை எடுக்கலாம் என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். ஒரு குழந்தை இறந்த பிறகு 100 நாளில் தீர்ப்பு வாங்கித் தரத் தெரிந்த போலீசுக்கு, அந்தக் குழந்தையின் தெருவில் முன்கூட்டியே நடந்து போக ஒரு ஆளைத் தருவது பெரிய சலுகை அல்ல.